சால்மன் குஞ்சை அளந்துவிட்டுத் திரும்ப விட அரசு அனுமதியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காசிமேட்டுப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வீடு காசிமேடு. அப்பா லாஞ்சு டிரைவர். மீன்வளத்தில் முதுநிலை முடித்துவிட்டு, வரும் ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறேன். பியூஜெட் சவுண்ட் என்கிற கடல் பகுதியில் கலக்கும் ஒரு சின்ன ஆற்றில், சினூக் சால்மன் குஞ்சுகளும் ஸ்டீல்ஹெட் டிரௌட் குஞ்சுகளும் எந்த இடத்தில் தங்கி வளர்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. (நம் ஊரில் இந்தியன் சால்மன் என்று பெட்டியில் எழுதி அனுப்புகிற காலா மீனுக்கும் இதற்கும் உறவே கிடையாது. வீட்டில் எல்லோரும் அதுதானே என்று கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.)

போன வாரம் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுமதியில் என் பெயர் ஏறும்வரை ஒரு மீனையும் தொடக்கூடாது, மனுவில் என் பகுதியை நானே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு அட்டவணை. எந்த மீன், எந்தப் பருவம், எத்தனை பிடிப்பாய், எதைக் கொண்டு பிடிப்பாய், அதில் எத்தனை சாகும் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கிறது. எத்தனை சாகும் என்று இப்போதே எப்படி எழுதுவது? கொல்லும் எண்ணமே எனக்கு இல்லை.

அப்பா கேட்ட கேள்விக்கும் பதில் தெரியவில்லை. "விரல் நீளக் குஞ்சை அளந்துட்டு விடறதுக்கு கவர்மெண்ட்டக் கேக்கணுமா? அங்கேயும் அதே மீனைப் பிடிச்சு விக்கத்தானே செய்றாங்க?" என்றார். யாராவது விளக்குங்களேன்.

மாதவரம் ரவி

வாழ்த்துகள் தம்பி. எனக்கு மீன் விஷயம் அதிகம் தெரியாது. ஆனால் அரசு மனு என்றால் எதையும் குறைத்துப் போடுவதுதான் நல்லது. சாவு பூஜ்யம் என்றே போடுங்கள், சீக்கிரம் கையெழுத்தாகும்.

கல்மண்டபம் செல்வி

தம்பி, பூஜ்யம் போடாதே. ரவி அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அப்படிப் போட்டால் உன் வேலை பாதியில் நின்றுவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபத்தில். அம்மா விடிகாலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். வாஷிங்டனில் சால்மன் குஞ்சு எண்ணும் வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த அட்டவணையோடுதான் மல்லுக்கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. அங்கே 1973இல் அழிந்துவரும் உயிரினங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதில் 'டேக்' என்று ஒரு சொல். எடுத்துக்கொள்வது என்று மட்டும் நினைத்துவிடாதே. துரத்துவது, தொந்தரவு செய்வது, காயப்படுத்துவது, கொல்வது, பொறி வைப்பது, பிடிப்பது, சேகரிப்பது, இதில் எதையாவது செய்ய முயல்வது, எல்லாமே டேக்தான். பிடித்து அளந்துவிட்டு உயிரோடு விட்டாலும் டேக். ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்து எண்ணினால், உன்னைக் கண்டு குஞ்சு ஒளிந்திருந்த இடத்தை விட்டு ஓடுகிறது பார், அதற்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு.

மீன் பிடித்து விற்கிறார்களே என்றால், பிடிக்கிறார்கள்தான், ஆனால் அதற்கும் தனிக் கணக்கும் தனி அனுமதியும் இருக்கிறது. பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடும் பெரும்பாலான குஞ்சுகளுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். காது மடல் மாதிரி மெத்தென்று, முள்ளே இல்லாமல், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும். தூண்டில் போடுகிறவர் மீனைத் திருப்பி அந்த இடத்தைப் பார்ப்பார். பல ஆறுகளில், துடுப்பு இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், இருந்தால் ஆற்றிலேயே பிறந்ததாக எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். ஏலத்தில் அம்மா கூடைக்குள் கைவிட்டுச் செவுளைத் திறந்து பார்ப்பது போல, எனக்கு இப்போது எந்த மீனைப் பார்த்தாலும் கண் அந்தத் துடுப்புக்குத்தான் போகிறது.

சரி, மனுவுக்கு வருவோம். சினூக் என்றால் எல்லாம் ஒரே சினூக் இல்லை. எந்த ஆற்றில் பிறந்தது, எந்தப் பருவத்தில் திரும்புகிறது என்று பார்த்துத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்துச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உன் பியூஜெட் சவுண்ட் சினூக் 1999இல் 'அச்சுறுத்தலில் உள்ளது' என்று சேர்ந்தது, அங்குள்ள ஸ்டீல்ஹெட் 2007இல். அதே 1999இல் மேல் கொலம்பியா ஆற்றின் வசந்த கால சினூக்கை அதைவிடக் கடுமையான 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற பட்டியலில் வைத்தார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் உன் மனு போகும் வழியையே மாற்றும். அழியும் ஆபத்தில் இருந்தால் சட்டத்தின் 10ஆவது பிரிவின் கீழ் ஆராய்ச்சி அனுமதி. அந்த மனு வந்திருப்பதை மத்திய அரசிதழில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று முப்பது நாள் காத்திருப்பார்கள். அச்சுறுத்தலில் உள்ளதற்கு 4ஆவது பிரிவின் விதிகளில் இன்னொரு வழி இருக்கிறது: மாநில மீன்வளத் துறை நடத்தும் ஆராய்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்புதல் வாங்குவது. அதற்கு முந்தைய ஆண்டே மனு போயிருக்க வேண்டும். பேராசிரியர் அவசரப்படுத்துவது அதனால்தான். உன் ஆறு எந்த வழியில் போகிறது என்று அவரிடமே கேள். 10ஆம் பிரிவு அனுமதி என்றால் ஐந்து வருடம் வரைக்கும் கொடுப்பார்கள், ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

கடலுக்குப் போய்த் திரும்பும் சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் பார்ப்பது நோவா (NOAA) என்கிற அமெரிக்கக் கடல், வளிமண்டலத் துறையின் மீன்வளப் பிரிவு. உன் ஆற்றில் புல் டிரௌட் (bull trout) என்ற இன்னொரு மீன் இருந்தால் அது மீன், வனவிலங்குச் சேவை என்ற வேறு துறை, வேறு மனு. இதோடு மாநிலத்தின் சேகரிப்பு அனுமதி தனி. பழங்குடிகளிடமும் பேச வேண்டும். 1850களில் போட்ட ஒப்பந்தங்களை வைத்து 1974இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்று. அந்த ஆறு அவர்களுடைய பாடு, வலை போட அவர்களுக்கு உரிமையுள்ள இடம். அவர்களுடைய மீன்வளக்காரர்களுக்குச் சொல்லாமல் வலையை இறக்குவது, பழவேற்காட்டில் இன்னொருத்தர் பாட்டில் போய் வலை போடுவது மாதிரி.

ஸ்டீல்ஹெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரெயின்போ டிரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போனால் ஸ்டீல்ஹெட், ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ. பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது கடலுக்குப் போகிறது மட்டும். ஆனால் உன் கையில் இருக்கும் எட்டு சென்டிமீட்டர் குஞ்சு நாளைக்குக் கடலுக்குப் போகுமா போகாதா என்று நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதனால் கடலுக்குப் போக வழியுள்ள ஆற்றில் பிடிக்கும் அத்தனையையும் ஸ்டீல்ஹெட் என்றே எண்ணு. ரெயின்போவாகத்தான் இருக்கும் என்று குறைத்து எழுதிவிட்டுப் பிறகு திண்டாடாதே.

இப்போது சாவுக் கணக்கு. நீ கொல்லப்போவதாக யாரும் நினைக்கவில்லை. கை பட்டால் சில சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், எத்தனை என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார்கள். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: ஆற்றில் பிறந்த சினூக் குஞ்சு, பிடித்து அளந்து விடுவது 400, எதிர்பாராமல் சாகக்கூடியது 8 என்று ஒரு வரி. ஒரே ஆற்றில் மூன்று குழு, நான்கு குழு வேலை செய்யும். எல்லோருடைய எண்ணையும் கூட்டி, இவ்வளவு போனால் அந்தக் கூட்டம் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் ஒப்புதல் வரும். நீ பூஜ்யம் போட்டால் அந்தக் கூட்டல் பொய்யாகிவிடும். முதல் குஞ்சு செத்த அன்றே உன் வேலையும் நிற்கும்.

ஒரு மீன் என்ன பெரிய கணக்கு என்று கேட்டால், ஐடஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் என்று ஒரு ஏரி இருக்கிறது. கடலிலிருந்து 900 மைல். ஸ்னேக் ஆற்று சாக்கை சால்மன் அங்கே முட்டையிடத்தான் அவ்வளவு தூரம் ஏறி வரும். 1991இல் அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1992இல் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஆண் மீன்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், ஜூன் மாதம். ஆற்றோட்டத்தில் சுழன்று குஞ்சுகளைப் பிடிக்கும் சுழல் பொறியில் அன்று வழக்கத்தைவிட நிறையக் குஞ்சு விழுந்திருந்தது. வாளியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தேன். வாளி முதலில் நிழலில்தான் இருந்தது. வெயில் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போது தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, ஏழு குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றைக் கையில் எடுத்து ஓடும் தண்ணீரில் முகம் காட்டிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. செவுள் ஒருமுறை திறந்தது, அவ்வளவுதான். அன்று மாலை ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு இருந்த அளவில் மூன்றுதான் மிச்சம். அந்தப் பருவம் முழுவதும் விடியும் முன்பே பொறிக்குப் போனோம். வாளிக்குக் காற்றுக் குழாய் வைத்தோம், பத்துக் குஞ்சுக்கு மேல் ஒரு வாளியில் வைக்கவில்லை. மீதி மூன்றும் சாகவில்லை.

மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் கருவியைப் பேராசிரியர் வைத்திருந்தால், நோவா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிமுறையை வாங்கிப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போடக்கூடாது, ஏசி (மாறுதிசை) மின்சாரம் கூடவே கூடாது, முட்டையிட்ட குழிகள் பக்கம் போகவே கூடாது.

பழவேற்காட்டான்

செல்வி அக்கா பாடு பற்றிச் சொன்னதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு எடுப்பதுதான் பாடு. சீட்டு விழாதவன் அன்றைக்குப் போக மாட்டான்.

தம்பி, நம் ஊரிலும் இந்த அனுமதி உண்டு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 12ஆவது பிரிவு ஆராய்ச்சிக்கானது. தலைமை வனவிலங்குக் காப்பாளர்தான் கொடுக்க வேண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். வேளா மீன் 2001இல் அந்த அட்டவணைக்கு வந்துவிட்டது. என் தாத்தா காலத்தில் வலையில் வேளா விழுந்தால் அதன் கொம்பைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைப்பார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது, உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. யாராவது படிக்கிற பிள்ளை முறையாக அனுமதி வாங்கி வந்து இங்கே தேடினால் நானே படகு ஓட்டுகிறேன்.

காசிமேட்டுப் பையன்

செல்வி அக்கா, இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழு குஞ்சு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு மறைக்காம எழுதியிருக்கு" என்றார்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனை பிடிப்பேன் என்பதையே எப்படிக் கணிப்பது? அந்த ஆற்றை நான் பார்த்ததுகூட இல்லை.

கல்மண்டபம் செல்வி

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

உன் பேராசிரியருக்கு முன்பு அதே ஆற்றில் வேலை செய்தவர்கள் கணக்கு ஒப்படைத்திருப்பார்கள் இல்லையா, அந்த ஆண்டறிக்கைகளைக் கேள். எந்த மாதம், எத்தனை பொறியில் விழுந்தது, எத்தனை செத்தது என்று இருக்கும். மூன்று வருட அறிக்கையாவது எடுத்துக்கொள். அதில் குஞ்சு அதிகம் வந்த வருடத்தை வைத்துப் பிடிக்கும் எண்ணை எழுது, சராசரியை வைத்து எழுதாதே. நல்ல மழை பெய்த வருடத்தில் ஏப்ரலிலேயே உன் எண் தீர்ந்துபோனால், மே மாதம் கரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் கேட்காதே, உனக்கு எழுதிய எண் இன்னொரு குழுவுக்குக் கிடைக்காது. ஆய்வுக்கு எத்தனை போதும் என்று ஒரு பத்தியில் காரணத்தோடு எழுது, அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

பொரிப்பகக் குஞ்சுக்கும் ஆற்றில் பிறந்ததுக்கும் தனித்தனி வரி போட மறக்காதே. தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைப்பதாக இருந்தால் அதுவும் தனி வரி. பாசுமதி அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, 12 மில்லிமீட்டர், சின்னஞ்சிறு குஞ்சுக்கு அதை வைக்கக் கூடாது. எந்த நீளத்துக்கு மேல் வைப்பாய் என்று மனுவிலேயே சொல்லிவிடு.

எழுதி முடித்ததும், பேராசிரியர் சம்மதித்தால் எனக்கும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வரும்போது வெப்பமானி இரண்டு வாங்கி வா. ஒன்று ஆற்றுக்கு, ஒன்று வாளிக்கு.