போன்யோ என்ற அனிமே படத்தை, பெரியவர்களான பிறகு பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முப்பது வயதைத் தாண்டியும் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடங்கள், பார்க்கிறவன் நான். ரத்தமும் துரோகமும் நிறைந்த தொடர்களைச் சொன்னால் நண்பர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். போன்யோ பிடிக்கும் என்றால் மட்டும் சிரிப்பு. "அது அஞ்சு வயசுப் பிள்ளைங்க படமாச்சே!" அஞ்சு வயசுப் பையனைப் பற்றிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் என் வயிற்றைக் கலக்கிய இடங்களில் எல்லாம் ஒரு பெரியவர் இருக்கிறார், அல்லது இருக்க வேண்டிய பெரியவர் இல்லை.

2008இல் ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோவிலிருந்து வந்த படம், ஹயாவோ மியசாகி இயக்கியது. கடலிலிருந்து தப்பி வரும் மீன்குட்டி போன்யோ, சோஸ்கே என்ற அந்த அஞ்சு வயசுப் பையனின் கையில் கிடைக்கிறது. அவன் விரலில் கசிந்த ரத்தத்தை நக்குகிறது, அவன் கொடுத்த ஹாமை (பன்றி இறைச்சி) தின்கிறது, அப்புறம் மனுஷியாகியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது. அந்த அடத்தில் ஊரே மூழ்குகிறது. கதை அவ்வளவுதான்.

புயல் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும், தகும். மீன்களாகப் புரளும் அலைகளின் முதுகில் போன்யோ ஓடி வருகிறாள். பக்கத்திலேயே மலைச்சாலையில் சோஸ்கேயின் அம்மா லிசா காரை விரட்டுகிறாள். கையாலேயே வரைந்த படம், சுமார் 1,70,000 ஓவியங்கள். அந்தத் தண்ணீர் நிஜத் தண்ணீரைப் போல நடிக்கவே இல்லை. அதற்குக் கண் இருக்கிறது, கனம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கால்மணி நேரம். கடலிலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்து மகனைக் கட்டிக்கொள்கிறாள், அது அந்த மீன்தான் என்று மகன் சொல்கிறான். லிசா என்ன செய்கிறாள்? அதிசயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரையும் உள்ளே கூட்டிப்போகிறாள். துண்டால் துவட்டுகிறாள். தண்ணீர் வருகிறதா, அடுப்பு எரிகிறதா, ஜெனரேட்டர் ஓடுமா என்று பார்க்கிறாள். தேன் கலந்த சூடான பானம், பிறகு மூடி வைத்த ராமென் நூடுல்ஸ். மாயம் நடக்கும் வீட்டிலும் யாராவது ஒருவர் விளக்கேற்றி, சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைக்கத்தான் வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் பார்த்திருந்தால் இந்த இடத்தில் ராமென் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

அதே லிசா அன்றிரவே தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைத் தேடி, அஞ்சு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் வழியோரத்தில் அவளுடைய கார் காலியாக நிற்கிறது. பையன் கூப்பிட்டுப் பார்க்கிறான், பதில் இல்லை, அழுகிறான். அவனுக்கான உண்மையான சோதனை அதுதான் என்பேன்.

அதனால்தான் கடைசிப் பகுதியில் எனக்கு மனத்தாங்கல். நிலா பூமியை நெருங்குகிறது, உலகத்துக்கே ஆபத்து என்று போன்யோவின் அப்பா, கடலில் வாழும் மந்திரவாதி புஜிமோட்டோ பதறுகிறார். ஆனால் அந்த ஆபத்து நம் மேல் உறைக்கவே இல்லை. மீனாக இருந்தாலும் போன்யோவை நேசிப்பாயா என்று அவளுடைய அம்மா சோதித்துக் கேட்கும் கேள்விக்குச் சோஸ்கே "சரி" என்கிறான், முடிந்தது. காலியான காரைத் தாண்டி வந்த பையனிடம் இவ்வளவு லேசான கேள்வியா? இரண்டு தாய்களும் தனியாகப் பேசுவதைத் தூரத்திலிருந்தே காட்டுகிறார்கள், நமக்கு ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. அந்தப் பேச்சை மட்டும் கேட்கவிட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

உங்களுக்கு எப்படி?

மறுமொழி 1:
எனக்குப் பிடிக்கவில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். நானும் அனிமே பைத்தியம்தான், ஆனால் மாயத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். புஜிமோட்டோ கிணற்றில் என்னத்தைச் சேர்த்து வைக்கிறார், எதற்காக? ஊர் மூழ்கியும் படகில் போகிறவர்கள் உல்லாசப் பயணம் வந்தவர்கள் போல இருக்கிறார்கள். தெருக்களுக்கு மேல் பழங்காலத்து டெவோனியன் மீன்கள் நீந்தும் காட்சியை மட்டும் ரசித்தேன். சோஸ்கே அவற்றின் பெயரைச் சரியாகச் சொல்வானே, அந்த இடம். மெழுகுவர்த்தியில் ஓடும் பொம்மைப் படகு பெரிதாவதும் அழகு. இந்த மாதிரித் துண்டு துண்டான அழகுகளை ஒட்டினால் படமாகிவிடுமா?

மறுமொழி 2:
இரண்டு பேரும் முதியோர் இல்லத்து டோக்கி பாட்டியை விட்டுவிட்டீர்கள்! மனித முகமுள்ள மீன் கரைக்கு வந்தால் ஆழிப்பேரலை வரும் என்று முதலிலேயே கத்தியவர் அவர். சிடுமூஞ்சி என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அலை வந்ததா இல்லையா? மற்ற பாட்டிகள் கடலுக்கடியில் சக்கர நாற்காலியை மறந்து ஓடியாடும்போது, புஜிமோட்டோவை நம்பாமல் தனியாக நிற்பதும் அவர்தான். கடைசியில் சோஸ்கே மீன் வாளியோடு தாவுவது அவர் கைகளுக்குள். சோதனை லேசாக இருந்தது என்கிறீர்களே, முன்பு தன் மீனைப் பார்த்து அலறியவரிடமே அந்த மீனோடு தாவுகிறான் பையன். என் கணக்கில் அதற்கு மதிப்பெண் உண்டு.