ஜெபக் குறிப்பேடும் பிடியரிசி டப்பாவும்

சபைக் கணக்கர்:

ஜெபக் குறிப்பேடு எப்படி எழுதுவது என்று தம்பி கேட்டிருந்தார். 80 பக்க நோட்டு போதும். விரித்து வைத்தால் இடப்பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலப்பக்கம் காலி. பதில் கிடைத்த அன்றே நேரெதிரே தேதி போட்டு எழுதிவிட வேண்டும். பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் கையாண்ட முறை இது.

விண்ணப்பம் மொட்டையாக இருந்தால் நோட்டு வீண். ‘குடும்பத்தை ஆசீர்வதியும்’ என்று எழுதினால், பதில் வந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ‘ஜூன் 10க்குள் கல்லூரிக் கட்டணம் 18,500 ரூபாய்’ என்று எழுதுங்கள். பெரும்பாலான நோட்டுகள் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோகும். கிடைத்ததை எழுத மறப்பதுதான் காரணம். வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தால் கை இடப்பக்கத்துக்கும் போகாது. ‘கிடைக்கவில்லை’ என்பதும் பதில்தான், அதையும் எழுதுங்கள்.

சில வரிகளுக்கு எதிரே வருஷக்கணக்கில் ஒன்றும் வராது. 1844 நவம்பரில் முல்லர் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் வர 18 மாதம் ஆயிற்று. இரண்டாமவருக்கு மேலும் 5 வருஷம், மூன்றாமவருக்கு அதற்கு மேல் 6 வருஷம். 36 வருஷம் ஆகியும் இரண்டு பேர் பாக்கி. ஜெபத்தை அவர் விடவில்லை.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:

முல்லர் என்றாலே, காலைச் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லாதபோது ஜெபித்ததும் வந்த ரொட்டி, பால் கதையைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். ஒப்புக்கொடுத்தல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்டக் கொதிகலன் சம்பவம்தான் தோது. 1857 நவம்பர் கடைசி. ஆஷ்லி டவுனில் முதல் கட்டடம், உள்ளே 300 பிள்ளைகள். கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலன் ஒழுக ஆரம்பித்தது. சுற்றிலும் செங்கல் கட்டு. இடித்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும், இடிக்க வேண்டுமானால் நெருப்பை அணைக்க வேண்டும். புதன்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் வாடை வீசத் தொடங்கியது.

முல்லர் ஜெபத்தில் கேட்டது இரண்டே காரியம். வடக்கிலிருந்து வீசும் குளிர்ந்த வாடை மாறித் தெற்கிலிருந்து தென்றல் வர வேண்டும். நெகேமியா 4:6இல் எருசலேமின் அலங்கம் (மதில்) கட்டியவர்களுக்கு இருந்ததுபோல வேலையாட்களுக்கு வேலை செய்ய மனது வேண்டும். (நமக்கு இந்த இரண்டு காற்றுக்கும் தனித்தனிப் பெயரே இருப்பதால் வகுப்பில் விளக்கவே வேண்டியதில்லை.) செவ்வாய் இரவு வரை வாடைதான். புதனன்று தெற்கிலிருந்து காற்று. நெருப்பில்லாமலே சமாளிக்க முடிந்தது. சாயங்காலம், ராத்திரி முழுக்க வேலை செய்கிறோம் என்று வேலையாட்களே முன்வந்தார்கள்.

கொதிகலன் தானாகச் சரியாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆளை வரச் சொன்னார், நாள் குறித்தார். தன் கைக்கு எட்டாத காற்றையும் அடுத்தவர் மனதையும்தான் கர்த்தர் கையில் விட்டார். ‘எல்லாவற்றையும் தேவனிடம் விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு விண்ணப்பமே போடாமல் இருப்பதை இதோடு சேர்க்கக் கூடாது.

சபைக் கணக்கர்:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. இதோடு ஜாடையாகக் கேட்பதையும் சேர்க்கக் கூடாது. முல்லரைப்போல, தேவையைத் தேவனிடம் மட்டுமே சொல்வது, மனுஷரிடம் கேட்பதில்லை என்று தீர்மானித்தவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். வாட்ஸ்அப் குழுவில் ‘வாடகை நிற்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டால், அது ஜெபக்குறிப்பா வசூலா? 1841 டிசம்பரில் இல்லத்தில் கடும் பண நெருக்கடி. ஆண்டறிக்கை வாசிக்கும் பொதுக்கூட்டம் அப்போதுதான் நடக்க வேண்டும். கூட்டம் நடந்தால் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று முல்லர் அதைத் தள்ளிவைத்தார்.

கடனிலும் அப்படித்தான். ரொட்டிக்காரருக்கும் பால்காரருக்கும் வாரம் ஒருமுறை பணம் கொடுத்துவந்ததை நிறுத்தி, கையில் காசு இருந்தால்தான் வாங்குவது என்று மாற்றிக்கொண்டார். நம் வீடுகளில் இது மளிகைக் கடைப் பற்று நோட்டு. முதலில் அதை முடியுங்கள், பிறகு விசுவாச வாழ்க்கை பற்றிப் பேசலாம்.

ஆனால் சபையிடம் உதவி கேட்பதே அவிசுவாசம் என்று யாரும் சட்டம் போட வேண்டாம். எருசலேம் பரிசுத்தவான்களுக்காக (அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்காக) அப்போஸ்தலன் பவுல் கேட்டே பணம் சேர்த்தார்.

பெண்கள் ஐக்கியம்:

சபைக்குக் காணிக்கையாகச் சேர்க்கும் பிடியரிசியையும் எழுதிவிடுகிறேன். உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். வடித்த பிறகு மிஞ்சியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பஞ்ச காலத்தில் ஒரு பிடி மாவே மிச்சமிருந்த சாறிபாத் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி கேட்டதும் அதுதான், ‘முதல்’ ஒரு சிறிய அடை. ஒரு பிடி சுமார் 40 கிராம் வரும். இரு வேளை சமைத்தால் மாதம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையில் இதே பழக்கம் 1910 முதல் இருக்கிறது. அவர்கள் ‘பூஃபாய் தாம்’ என்பார்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, வீட்டுக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன் அரிசி. சாப்பிடும் அரிசியிலிருந்தே எடுங்கள். இரண்டு, எல்லார் அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவது. பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் ஒன்று குழைந்திருக்கும், மற்றது வெந்திருக்காது. சபையில் ஏலம் விட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு சாக்கு வையுங்கள்.

வாலிபர் ஐக்கியம்:

அக்கா, டப்பாவில் வண்டு விழுகிறதே? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் அன்றாடம் கொடுத்த மன்னா ஞாபகம்தான் வருகிறது. தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். விடியும்வரை வைத்ததில் பூச்சி பிடித்தது. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை. அதனால் சேமிப்பே கூடாது என்று யாத்திராகமம் 16ஐக் காட்டிப் பேசுகிறவர்கள் 24ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும்.

பெண்கள் ஐக்கியம்:

இரண்டு மூன்று மாதம் சேர்த்துக் கொண்டுவந்தால் வண்டு விழத்தான் செய்யும் தம்பி. காய்ந்த மிளகாய் நாலைந்து போட்டு வைக்கலாம். ஈரக்கையோடு பிடி எடுக்கக் கூடாது, ஐப்பசி கார்த்திகையில் கட்டி பிடித்துவிடும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்கு வரும்போதே டப்பாவைக் காலி செய்யுங்கள். அன்று மத்தியானம் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தால் திங்கள் காலை முதல் பிடி போடலாம்.