கலைச்சொல்: ‘ஒருசார் கற்றல் இடர்ப்பாடு’ – கருத்து வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காக எழுதும் விளக்கக் குறிப்பில் ஒரு சொல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வர்சிட்டியில் (பல்கலைக்கழகத்தில்) படிக்கும் பிள்ளை மாற்றுத்திறனாளர் உதவிப் பிரிவுக்குப் போய், “படித்து முடிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும்” என்று கேட்டால், உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கை கொண்டுவரச் சொல்வார்கள். அந்த அறிக்கையில் வரும் ‘ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஃபிகல்ட்டி’தான் (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் இடர்) சிக்கல்.

தமிழ்நாட்டில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்கிறார்கள். ‘குறிப்பிட்ட’ என்றால் யார், எங்கே குறிப்பிட்டது? ‘கற்றல் குறைபாடு’ என்றதும் வீட்டில் “பிள்ளைக்குப் புத்தி மட்டா?” என்பார்கள். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘லேர்னிங் டிசபிலிட்டி’ என்றால் பிரிட்டனில் அறிவுவளர்ச்சிக் குறைவு, அமெரிக்காவில் டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் இடர்) போன்றவை.

என் பரிந்துரை ‘ஒருசார் கற்றல் இடர்ப்பாடு’. பழைய உரைகாரர்கள் ‘ஒருசார் ஆசிரியர்’ என்று எழுதும்போது எல்லாரையும் சொல்வதில்லை, ஒரு பகுதியினரைத்தான் சொல்கிறார்கள். இங்கும் இடர் ஒரு பக்கத்தில்தான். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், வாசிப்பு ஏறவே ஏறாத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இன்றைய அறிக்கைகள் பலவற்றிலும் அதே சாயல்: சொல்லறிவு, தர்க்கம் ஒரு உயரத்தில் இருக்கும், வாசிப்பு வேகமோ, கேட்டதை மனத்தில் வைத்துக் கையாளும் செயல்நினைவோ எங்கோ கீழே கிடக்கும்.

(‘அசெஸ்மென்ட்’டுக்கு ‘மதிப்பீடு’ போதும். ‘கணிப்பு’ ஜாதகக்காரருடையது, ‘திறனாய்வு’ இலக்கியக்காரருடையது.)

— டர்பன்

* * *

வணக்கம் அம்மா.

‘குறைபாடு’ ஒழிந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் ‘ஒருசார்’ என்றால் இன்றைக்கு எவரும் உரைகாரரை நினைக்கப் போவதில்லை, ஒருதலைப்பட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பேச்சிலேயே நல்ல சொல் கிடக்கிறதே! ‘தட்டுத்தடுமாறி வாசிக்கிறான்’ என்கிறோம். ‘தனிக்கற்றல் தடுமாற்றம்’ என்று வைத்தால் இந்தியர் மிகுந்த டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எந்த ஆயாவுக்கும் புரியும்.

இன்னொன்று. இந்நாட்டு ஆப்பிரிக்க மொழியான ஜூலுவைப் பேசி வளர்ந்து, ஆங்கிலத்தில் திணறும் ஜூலுப் பிள்ளைகளையும் இந்தப் பெயருக்குள் அடைத்துவிடுவார்களா?

— பீட்டர்மாரிட்ஸ்பர்க்

* * *

ஐயா, வணக்கம்.

‘தனிக்கற்றல்’ என்றால் வாத்தியார் இல்லாமல் தானாகப் படிப்பது என்றல்லவா பொருள்படும்? அதை விடுங்கள், எனக்குப் பெரிய தடை ‘தடுமாற்றம்’தான். ஏழு வயதுக் குழந்தைக்கு அது பொருந்தும். வர்சிட்டிவரை வந்தவர்களில் பலர் தடுமாறுவதே இல்லை. வருடக்கணக்கில் பழகிப் பழகிப் பிழையில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் மெதுவாக, ஒரே பத்திக்குத் திரும்பத் திரும்பப் போய். அதனால்தான் மதிப்பீட்டில் கடிகாரம் வைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். பொருளே இல்லாத போலிச் சொற்களையும் நீட்டுகிறார்கள். பழகிய சொல்லைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். போலிச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் தீர வேண்டும். பிழையை மட்டும் எண்ணுகிறவர் கையில் இந்த மாணவர் அகப்படவே மாட்டார். ‘தடுமாற்றம்’ என்று பெயர் வைத்துவிட்டால், “நீ நன்றாகத்தானே வாசிக்கிறாய்” என்று விரிவுரையாளர் திருப்பி அனுப்ப நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

ஜூலுப் பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்த நாட்டில் முக்கியமான கேள்வி. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேடு), பயிற்றுமொழியில் போதிய பழக்கம் இல்லாததே காரணம் என்றால் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது என்கிறது. சரியாகக் கற்பிக்கப்படாததும், கண் காதுக் கோளாறும் அப்படியே. இப்போது வர்சிட்டியில் இருக்கும் ஜூலுப் பிள்ளைகளில் பலர் 3ஆம் வகுப்புவரை ஜூலுவில் படித்துவிட்டு 4ஆம் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தாவியவர்கள். எனவே முதலில் எந்த மொழியில் எழுத்துக்கூட்டப் படித்தாய், அந்த மொழியிலும் மெதுவா என்று கேட்காத மதிப்பீடு அரைகுறை. வெளிநாட்டு ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து வகுத்த சராசரியோடு இவர்களை ஒப்பிட்டுக் கீழே தள்ளினால் அது மதிப்பீடே இல்லை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜூலு போல எழுத்தும் ஒலியும் நேராகப் பொருந்தும் மொழிகளில் இந்த இடர் பிழையாக வெளிப்படுவதைவிட மெதுவான வாசிப்பாகவே வெளிப்படும். அங்கேயும் ‘தடுமாற்றம்’ உதவாது, ஐயா.

‘ஒருசார்’ என்பதால் மற்றதெல்லாம் உச்சத்தில் இருந்தாக வேண்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐக்யூவுக்கும் (நுண்ணறிவு எண்ணுக்கும்) வாசிப்புக்கும் பெரிய இடைவெளி கேட்கும் பழைய வழக்கத்தை அதே டிஎஸ்எம்-5 கைவிட்டுவிட்டது.

— டர்பன்

* * *

சரி அம்மா. எழுத்தில் ‘ஒருசார் கற்றல் இடர்ப்பாடு’ என்றே போடுங்கள், எதிர்க்கவில்லை. பெற்றோர் குறிப்பில் மட்டும் பக்கத்திலேயே ‘புத்தி மட்டு அல்ல, வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் வரும் இடர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயாமார் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். டிஸ்லெக்சியா அப்படியே இருக்கட்டும். கணக்கில் வரும் இடரான டிஸ்கால்குலியாவுக்குச் சொல் தேட வேண்டும். யாராவது ‘கணக்கு மந்தம்’ என்று அனுப்பினால் படிக்காமலே அழித்துவிடுவேன்.

— பீட்டர்மாரிட்ஸ்பர்க்