சிக்னலுக்கு மாறிவிட்டேன், அம்மாதான் வரமாட்டேன் என்கிறார்

கோப்பி ஓ:
இரண்டு வாரமாக ஒரு சோதனை. அரட்டைக்கு வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுச் சிக்னல், கணினியிலும் ஐபோனிலும் குரோமுக்குப் பதில் பயர்பாக்ஸ். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன, நீங்கள் எல்லாரும் ஏன் இன்னும் மாறாமல் இருக்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை. 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் பேசி வாட்ஸ்அப்பை வாங்கியது நாம் காலை வணக்கப் படம் அனுப்பிக்கொள்ளவா?

ஈசூன் அக்கா:
தம்பி, அதில் யாரோடு பேசுகிறீர்கள்? எங்கள் புளோக் குழு, பையனின் வகுப்புப் பெற்றோர் குழு, தேக்காவில் மீன் சொல்லிவைக்கும் கடை, தஞ்சாவூர் மாமியார், எல்லாம் வாட்ஸ்அப்பில். நான் ஒருத்தி மட்டும் மாறிப் போய் சுவரோடு பேசவா? அதோடு, வாட்ஸ்அப்பில் ஓடுவதும் சிக்னல்காரர்களின் மறையாக்க முறைதான், பேசுகிற இருவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது. 2016-லேயே எல்லாருக்கும் வந்துவிட்டது.

கோப்பி ஓ:
பேசுவது பூட்டியிருக்கிறது, சரி. யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை தடவை பேசினீர்கள் என்பது? அதே 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான். வேறு எதையும் அவர்கள் சேர்த்துவைக்கவே இல்லை.

மேல்மாடி:
இதற்கு டெலிகிராமே போதுமே?

ஈசூன் அக்கா:
போதாது. அங்கே சாதாரண அரட்டைக்கு இந்தப் பூட்டே கிடையாது, ரகசிய அரட்டை என்று தனியாகத் திறக்க வேண்டும், குழுவுக்கு அதுவும் இல்லை. நான் வாட்ஸ்அப் கட்சிதான், ஆனாலும் தப்பாகச் சொல்லாதீர்கள்.

பழைய மின்னஞ்சல்:
கோப்பி ஓ, ஐபோனில் பயர்பாக்ஸ் போட்டதாகப் பெருமைப்பட வேண்டாம். மேலே பெயர்ப்பலகை மட்டும்தான் பயர்பாக்ஸ் நரி, உள்ளே பக்கங்களைத் திறந்து காட்டும் எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட். 2024-இல் ஐரோப்பாவில் மற்ற எஞ்சின்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள், நமக்கு இல்லை. கணினியில் மாற்றியதை ஒப்புக்கொள்கிறேன்; எட்ஜ், பிரேவ், ஓப்பரா எல்லாமே குரோமுக்கும் அடித்தளமான குரோமியம் மேல் கட்டியவை, நரிக்குத்தான் சொந்த எஞ்சின்.

1997-இல் தமிழ்நெட் மாநாடு இங்கே சிங்கப்பூரில் நடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு. நான் தமிழில் அனுப்பிய மடல் அந்தப் பக்கம் திறந்தால் கோணல்மாணலாக நிற்கும். என்னிடம் இருப்பது அவரிடமும் இருந்தால்தான் பேச்சே. அக்கா சொல்வதும் அதுதானே?

கோப்பி ஓ:
ஐபோன் விஷயம் தெரியாது, அடி வாங்கிக்கொள்கிறேன்.

சரி, நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெம்பனிஸில் இருக்கும் அம்மாவின் போனிலும் சிக்னல் போட்டுக்கொடுத்தேன். பின் எண் மறந்துவிடக் கூடாதென்று அது அவ்வப்போது கேட்கும். அம்மாவோ மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மோசடி எச்சரிக்கையைத் தினமும் ஒரு வரி விடாமல் படிப்பவர். பின் எண் என்றதும் செயலியையே அழித்துவிட்டு, என் தம்பிக்குப் போன் போட்டு, "அண்ணனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள், நீயாவது போய்ப் பார்" என்றிருக்கிறார். முன்கூட்டியே சொல்லித்தராதது என் தப்புதான்.

ஈசூன் அக்கா:
அம்மா செய்ததுதான் சரி லா! 😄 இப்போது அவரோடு எதில் பேசுகிறீர்கள்?

கோப்பி ஓ:
வாட்ஸ்அப்பில். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மறுபடி போட்டுக்கொடுக்கப் போகிறேன், விடமாட்டேன்.