புதுப்பிப்பு: வாரத் தேர்வுக்கு இனி நகலெடுப்பது இல்லை (ஏறக்குறைய)

அறிவியல் வாரத் தேர்வுக்கு 42 மாணவர்களுக்கும் வினாத்தாள் நகலெடுப்பதை எப்படி நிறுத்துவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது கூகுள் ஃபார்ம்ஸ் (இணையத்தில் வினாப் படிவம் உருவாக்கும் கருவி) யோசனைதான். அமைப்புகளில் வினாடி வினா வசதியை இயக்கி, விடைகளை முன்பே பதிந்துவிட்டால் அதுவே திருத்திவிடுகிறது. இணைப்பைக் கியூஆர் குறியீடாக ஒரே தாளில் அச்சிட்டுக் கதவில் ஒட்டினேன். இருவருக்கு ஒரு டேப்லெட்தான் என்பதால் இரண்டு சுற்றாக நடத்துகிறோம்.

எதிர்பாராத சிக்கல் குறுவிடையில் வந்தது. நான் பதிந்திருந்த விடை 'ஒளிச்சேர்க்கை'. ஒரு மாணவி 'ஒளித்தொகுப்பு' என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் 'ஒளிச் சேர்க்கை' என்று இடைவெளி விட்டிருந்தான். இரண்டும் சரி, இருவருக்கும் பூஜ்யம்! ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும் அந்த வினாவின் விடைகளில் சேர்த்த பிறகே வகுப்பில் சண்டை ஓய்ந்தது.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் யோசனையை ஒரே வாரத்தில் கைவிட்டேன். 42 படங்களைப் பெரிதாக்கிப் படிக்க என் கண்கள் ஒத்துழைக்கவில்லை.

படம் வரைந்து பாகம் குறிக்கும் வினா மட்டும் இன்னும் தாளில்தான். திரையில் விரலால் வரைந்த இதயம் உருளைக்கிழங்கு போலவே இருந்தது.