‘பழுப்புக் குள்ளன்’ வேண்டாம், ‘தணல்மீன்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். கோளைவிட நிறை மிகுந்தும் விண்மீனாக எரிய நிறை போதாமலும் இருக்கும் brown dwarf-க்குத் தமிழில் என்ன பெயர் என்று பேசிவருகிறோம். ஒருவர் எழுதியது:

> பழுப்புக் குறுமீன் என்றே இருக்கட்டும், புழங்கிவிட்டது.

ஐயா, குறுமீன் வரை எனக்குச் சம்மதம். குள்ளனைவிட எவ்வளவோ மேல். பழுப்புதான் ஒட்டவில்லை. அது நிறத்தைப் பார்த்து வைத்த பெயரே அல்ல. 1960-களில் வானியலாளர் சிவ் குமார் இப்படி ஒன்று இருக்கலாம் என்று கணித்தபோது ‘கறுப்பு’ என்ற பெயர் இருந்தது. அதே பெயர் ஆறிப்போன வெண்குறுமீனுக்கும் (எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம்) வழங்கியதால், 1975-இல் வானியலாளர் ஜில் டார்ட்டர் ‘பழுப்பு’ என்றார். அப்போது ஒன்றைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை. கண்ணுக்கு எட்டினால் மங்கிய செம்மையாகத்தான் தெரியும். ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பு.

காவலூர் வான்நோக்ககத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வரும்போது ஒரு பெண் இந்தக் குறுமீனைப் பற்றிக் கேட்டாள்: “அது எரியுமா எரியாதா சார்?” கேள்வி அதுதான், நிறம் அல்ல. வியாழனைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு முதல் 75, 80 மடங்கு வரை நிறை. ஹைட்ரஜன் நிலையாக எரிய அது போதாது. சுருங்கும்போது பிறந்த சூடுதான் கைமுதல், அதைச் செலவழித்தபடியே ஆறிக்கொண்டு வரும். மலை இறங்கி வாணியம்பாடி வந்ததும் செங்கல் காளவாயைக் காட்டினேன். தீ நின்றும் நாள்கணக்கில் அனல் அடிக்கும் இல்லையா? அவளுக்கு உடனே புரிந்தது. எனக்குத் தணல்மீன் என்ற சொல்லும் அங்கேதான் கிடைத்தது.

‘தணிமீன்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பொருள் மிகச் சரி. ஆனால் வாயால் சொன்னால் ‘தனிமீன்’ என்று காதில் விழும். வேறொரு விண்மீனுக்குத் துணையாகச் சுற்றுவதைத் தனி என்று கேட்டால் மாணவர் குழம்பிவிடுவார்.

தணலும் எரியத்தானே செய்கிறது என்பீர்கள். இதுவும் இளமையில் கொஞ்சகாலம் டியூட்டீரியத்தை (கன ஹைட்ரஜன்) எரிக்கிறது, அதனால் உவமை கெடவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் தணலும் திரி குறைத்த விளக்கும் ஒன்றுபோலத் தெரியும். இளந்தணல்மீனையும் மிகக் குறைந்த நிறையுள்ள செங்குறுமீனையும் (ஹைட்ரஜனை எரிக்கும் சிறிய, மங்கிய விண்மீன்) வெப்பநிலையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாமல் ஆய்வாளர்கள் திணறுவது இதனால்தான். நிறமாலையில் லித்தியம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செங்குறுமீன் அதை அழித்துவிடும். நிறை குறைந்த தணல்மீனில் அது மிஞ்சியிருக்கும்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். “சுமார் 19 ஒளியாண்டு தொலைவிலுள்ள கிளீசு 229 என்ற செங்குறுமீனுக்கு ஒரு துணைத் தணல்மீன் இருப்பது 1995-இல் அறிவிக்கப்பட்டது, அது 12 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு தணல்மீன்கள் என்பது 2024-இல் தெரியவந்தது.” இதே வாக்கியத்தைப் பழுப்புக் குறுமீன் போட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். துணைக்கு ‘உடன்மீன்’ சரிவருமா என்றும் எழுதுங்கள்.