பரிணாமப் பாடம் நடத்தியவர்கள், படித்தவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

குன்னூர் டீச்சர்

அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கினால் யாராவது ஒரு பெற்றோர் வந்து நிற்பார். ஒரு நவம்பர் மழையில் போதகர் ஒருவர் குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"டீச்சர், என் மகள் தேர்வில் எழுதட்டும். நம்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்."

"சான்றைப் பார் என்றுதான் சொல்வேன் அய்யா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1996-இல் சொன்னதையும் எடுத்துவிட்டேன். "நாங்கள் பெந்தெகொஸ்தே சபை, எங்களுக்குப் போப் கிடையாது" என்றார். அஸ்திரம் அங்கேயே விழுந்தது.

அந்த வாரம் என்னைத் தூங்கவிடாதவர் அவர் அல்ல. வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது, எல்லோரும் பார்த்ததுதான். குனிந்த குரங்கு அடிக்கு அடி நிமிர்ந்து, கடைசியில் வெள்ளைத்தோல் மனிதனாக நடக்கும். இடைவேளையில் உள்ளே போனால், ஒரு பையன் அதற்கு முன் நின்று ரப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தான். பழங்குடிக் கிராமத்திலிருந்து வரும் பையன். மூன்றாவது உருவத்துக்குக் கீழே பென்சிலில் அவன் பெயர். அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்ததற்குத் திட்டுவேனோ என்றுதான் என்னைப் பார்த்தான்.

சார்ட்டைக் கழற்றினேன். மறுநாள் கரும்பலகையில் கிளைவிட்ட மரம் ஒன்று வரைந்தேன். குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. இன்றைய குரங்கும் நாமும் பழைய மூதாதை ஒன்றிலிருந்து பிரிந்த கிளைகள் என்றேன். மனிதக் கிளையின் நுனியில் என் பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் எழுதினேன். பக்கத்திலேயே, பென்சிலால் கிறுக்கியவனின் பெயரையும். கையெழுத்து தெரியாதா எனக்கு?

கொடைக்கானல்காரன்

எங்கள் வீட்டில் மறுப்பே இல்லை, அதுதான் தொல்லை. பெரியப்பாவுக்கு எல்லாம் தசாவதாரத்தில் இருக்கிறது: மீன், ஆமை, பன்றி, பாதி சிங்கம், குள்ளன், மனிதன். மறுப்பவரோடு வாதாடலாம், "எங்களிடம் அப்போதே இருந்தது" என்பவரிடம் என்ன பேசுவது? யோசித்தால் அதுவும் டீச்சர் கழற்றிய சார்ட்டைப் போல ஓர் ஏணிதான்.

எனக்கு விஷயம் புரிந்தது பாடத்தில் அல்ல, ஒரு குருவியில். சோலைக்கிளி என்பார்கள், கிளி இல்லை, கைக்குள் அடங்கும் நீலக் குருவி. எங்கள் பழனி மலைத்தொடரில் அதற்கு வயிறு வெள்ளை. வேலைக்காக ஊட்டிக்கு வந்த முதல் மாதம், சோலை ஓரத்தில் அதே குருவி, அதே குதி நடை. விலாவில் மட்டும் செம்பழுப்பு. ஏதோ நோய் என்று நினைத்தேன்! நடுவே பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேல். குளிர்ச்சோலையை விட்டு இறங்காத பறவை அந்த வெக்கையைத் தாண்டுமா? இரு பக்கமும் கலக்காமல் தனித்தனியே தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கின்றன. இன்று அவை இரண்டு இனங்கள். 2017-இல் அவற்றுக்கென்று புதுப் பேரினமே வகுத்தார்கள். பெரியப்பாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதில் எது உசத்தி?" என்றார்.

உதகை அம்மா

எங்கள் வீட்டில் அக்காவின் புத்தகம் தம்பிக்கு வரும். மத்தியப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்புக்கு 2023-இல் புது அச்சு வாங்கச் சொன்னார்கள். அக்கா புத்தகத்தில் "மரபுவழியும் பரிணாமமும்". தம்பி புத்தகத்தில் மரபுவழி மட்டும். பாரத்தைக் குறைக்கிறார்களாம், 12-ஆம் வகுப்பில் உயிரியல் எடுத்தால் படித்துக்கொள்ளலாமாம். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1925-இல் இதே பாடத்துக்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். இங்கே யாருக்கும் அபராதம் இல்லை, பக்கங்களைத்தான் காணவில்லை. என் மகன் வணிகவியல் எடுத்துவிட்டான்.

டீச்சர், அந்தச் சார்ட் என்ன ஆயிற்று?

குன்னூர் டீச்சர்

இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் அம்மா, தூக்கிப் போட முடியாது. கழிவு செய்ய அனுமதி கேட்டு எழுதினேன், வரவில்லை. ஆண்டுதோறும் சரிபார்ப்பின்போது வெளியே எடுத்துக் காட்டுவேன்; "சார்ட் ஒன்று, கிழிந்தது" என்று குறித்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற அன்று பீரோவுக்குப் பின்னால், படம் சுவரைப் பார்த்தபடி வைத்துவிட்டுச் சாவியை ஒப்படைத்தேன்.